நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

போன வாரம் காலர் அக்காவைத் திட்டி வந்த வசவுகளை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டேன். கல்நெஞ்சக்காரி என்றார்கள். புருஷனுக்கு ஜால்ரா என்றார்கள். அவளைக் கதையைவிட்டே துரத்தினால்தான் மேற்கொண்டு படிப்பேன் என்று ஒரு வாசகி சொல்லி அனுப்பியிருக்கிறார். கோபம் நியாயம்தான். அந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்கும் கை கூசத்தான் செய்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, எனக்கு அவளிடம் இன்னும் வேலை இருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சட்டை தைக்கும் கம்பெனி. அதன் கீழ்த்தளத்தில் ஒரு லைன். நாற்பது மெஷின், நாற்பது பெண்கள். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி, அதில் கயிறு கோத்த சிவப்பு டோக்கன் ஒன்று. கழிப்பறைக்குப் போக வேண்டியவள் அவரிடம் அனுமதி கேட்டு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்வர வேண்டும். அவள் திரும்பி வந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழலாம். இந்தக் கூத்துக்குப் பயந்தே பாதிப் பேர் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. கொண்டுவந்த பாட்டில் கொண்டுவந்தபடியே வீடு திரும்பும்.

போன வாரம், சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் சின்னவள் டோக்கன் கேட்டாள். ஏழு மாதக் கர்ப்பிணி. "டார்கெட் முடியட்டும்" என்றார் சூப்பர்வைசர். மறுபடி கேட்டாள். மறுபடியும் டார்கெட். கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே துணி நனைந்துவிட்டது. அவள் டோக்கன் இல்லாமலே எழுந்து, அத்தனை பேர் பார்க்க வெளியே நடந்துபோனாள்.

அந்தச் சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, அவள் புருஷனுடைய சொந்த அண்ணன். அவருடைய மனைவிதான் நம் காலர் அக்கா. ஓரகத்தி கெஞ்சியதையெல்லாம் இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே, தலை நிமிராமல் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் வசவுகள் அதற்குத்தான்.

டோக்கன் இல்லாமல் எழுந்ததற்குத் தண்டனையும் அறிவித்தாயிற்று. திங்கட்கிழமை மத்தியானம் சின்னவள் எல்லார் முன்னாலும் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் பிரசவ லீவும் போச்சு, குழந்தை பிறந்த பிறகு திரும்பி வர இடமும் போச்சு.

இன்று திங்கட்கிழமை.

* * *

சின்னவளின் புருஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அன்று காலை அவர் வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தது என்ன பாடம் தெரியுமா? பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய பாடம். ஊர்வலம் போனார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், ஜெயிலில் சாப்பிடாமல் கிடந்தார்கள் என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடைபோட்டவர், தலைவாரிக்கொண்டிருந்த மனைவியிடம் வந்து நின்றார்.

"இங்க பாரு. ஒரு வார்த்தைதானே? சாரின்னு சொல்லிட்டு வந்துடேன்."

சின்னவள் சீப்பைக் கீழே வைத்தாள். "நான் என்ன தப்பு பண்ணேன்னு சாரி சொல்லணும்?"

"தப்பு பண்ணேன்னு நான் சொல்லல. அண்ணன எதிர்த்துக்கிட்டு இந்த வீட்டுல எப்படி இருக்கறது? நாளைக்கு குழந்தை வந்துட்டா..."

"இப்ப புஸ்தகத்துல படிச்சீங்களே, ஜெயிலுக்குப் போனாங்கன்னு. அந்தப் பொம்பளைங்க வீட்டுலயும் புருஷன்னு ஒருத்தர் இருந்திருப்பாருல்ல? அவரும் காலைல எழுந்து இதையேதான் சொல்லியிருப்பாரு."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அது வேற, இது வேற என்று சொல்ல வாயைத் திறந்தவர், டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். பாவம், நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களுக்குப் புஸ்தகத்தில் இருக்கும் தைரியம் வீட்டில் வரக் கொஞ்ச நாள் பிடிக்கிறது.

சமையலறையில் காலர் அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் அந்த நாளிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தது. உப்பு வேண்டுமானால் சின்னவள் கேட்க மாட்டாள். பெரியவளாகப் பார்த்து அவள் கைக்கெட்டும் இடத்தில் 'டொக்'கென்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"ஏங்க," என்றாள் காலர் அக்கா, சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம். "அவள விட்டுடுங்களேன். வயித்துப் பிள்ளைக்காரி."

"வீட்டுலதான் அவ தம்பி பொண்டாட்டி. அங்க ஆபரேட்டர். சொந்தக்காரின்னு விட்டேன்னு வை, மத்தவங்க எல்லாரும் என் தலைல ஏறி உக்காந்துடுவாங்க. மேனேஜர் என்னைத்தான் காய்ச்சுவாரு."

"அவ கேட்டப்ப குடுத்திருந்தா..."

"உனக்குத் தெரியாது. நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். கல்யாணமான நாளாக அவளுக்கு நன்றாகப் பழகிப்போன வேலை அது. காலர் தைப்பதைக்கூட அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டாள்.

* * *

மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் சூப்பர்வைசர் மைக்கைத் தட்டினார். போன வார விவகாரத்துக்குப் பிறகு லைன் தன் பிடியில்தான் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள வேண்டிய அவசரம் அவருக்கு.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னியிலிருந்து புது ரூல். எந்தக் காரணத்துக்காகவும், டோக்கன் கழுத்துல இல்லாம யாரும் சீட்ட விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருச்சா அந்த நிமிஷமே வேலை காலி. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் இவங்களோட கடைசி."

இவங்களோட என்று சொல்லும்போது சின்னவளைக் கையால் காட்டினார். சின்னவள் தலையைக் குனியவில்லை. கன்னம் மட்டும் சிவந்தது.

அப்போது காலர் மெஷினிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார்."

வீட்டில் 'ஏங்க' என்று கூப்பிடுகிறவள் கம்பெனிக்குள் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவும் அவர் போட்ட ரூல்தான்.

"என்ன?"

"எந்தக் காரணத்துக்காகவுமா சார்?"

தன் மனைவியே தனக்கு எடுத்துக்கொடுக்கிறாள் என்று அவருக்குப் பூரிப்பு. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "எந்தக் காரணத்துக்காகவும்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் மனதில் ஒரு திட்டமும் கிடையாது. சின்னவளுக்கு ஏதாவது ஒரு சந்து கிடைக்குமா என்றுதான் கேட்டாள். சந்தே இல்லாமல் அடைத்துவிட்டார் அவர். மத்தியானம் வரப்போகிறதே என்ற பயத்தோடு அடுத்த காலரை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே மணி அடித்தது.

சாப்பாட்டு மணி இல்லை. கூரையில் இருக்கும் அபாய மணி. காதைப் பிளக்கிற சத்தம். கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தீயணைப்பு இலாகா அதிகாரி, கையில் ஸ்டாப் வாட்சோடு, நிதானமாக நடந்துவந்தார். இந்த மாதிரிச் சோதனைக்கு அவர்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

"நெருப்பு கிருப்பு ஒண்ணுமில்ல, ஒத்திகைதான்!" என்று மேனேஜர் கத்தினார். "எல்லாரும் எழுந்திருச்சு வெளிய போங்க! சீக்கிரம், சீக்கிரம்!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காலர் அக்கா பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டாள். எழுந்தவள் கண்ணில் சின்னவள் பட்டாள். சின்னவள் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, எழலாமா கூடாதா என்று தெரியாமல் சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலர் அக்கா திரும்ப உட்கார்ந்தாள்.

"என்னம்மா உக்காந்திருக்க? எழுந்திரு!" என்றார் மேனேஜர்.

"டோக்கன் இல்ல சார்."

"என்ன டோக்கன்?"

"கழுத்துல டோக்கன் இல்லாம எந்தக் காரணத்துக்காகவும் எழுந்திருக்கக் கூடாதுன்னு காலைல மைக்ல சொன்னாங்க. எழுந்திருச்சா வேலை போயிடும்."

அவள் பக்கத்தில் எழுந்து நின்றிருந்த பட்டன்காரி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். பின்வரிசையில் ஒருத்தி உட்கார்ந்தாள். வாசல் வரைக்கும் போய்விட்ட இரண்டு பேர் சட்டென்று திரும்பி வந்து, ஒன்றும் தெரியாதவர்கள்போல் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்பது பேரும் மெஷினுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ராஜ்யத்தை ஆண்ட பெண்களைப் பற்றியும், குதிரையேறிச் சண்டைக்குப் போன பெண்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓட்டுக்காக ஜெயிலுக்குப் போனவர்களைப் பற்றி நம் வாத்தியார் அதே நேரத்தில் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். எனக்கு வாய்த்தவர்கள் நாற்காலியைவிட்டு எழ மறுத்த நாற்பது பேர். எனக்கு ஒரு குறையும் இல்லை.

* * *

சூப்பர்வைசரின் முகம் வெளுத்துப் போயிற்று. "ஏய், என்ன விளையாடற? எழுந்திரு!" என்று மனைவியிடம் வந்து பல்லைக் கடித்தார்.

"டோக்கன் குடுங்க சார், எழுந்திருக்கறேன்."

"அங்க ஆணில தொங்குதே, எடுத்துக்கறதுதானே!"

"அத எடுக்கறதுக்கும் எழுந்திருக்கணுமே சார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி ஸ்டாப் வாட்சைப் பார்த்தபடியே, "இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு," என்றார்.

மேனேஜர் சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியில்லை. சூப்பர்வைசர் தன் மேஜைக்குப் போய் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்தார். மனைவியிடம் நீட்டினார்.

காலர் அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்கு முன்னாடி கேட்டவ ஒருத்தி இருக்கா. போன வாரமே கேட்டா. அவளுக்குக் குடுங்க."

லைன் முழுக்க மூச்சுக்காட்டாமல் பார்த்தது. அபாய மணிகூட அந்த நேரம் பார்த்து நின்றது. சூப்பர்வைசர் இரண்டு மெஷின் தள்ளிப் போய், தம்பி மனைவிக்கு முன்னால் நின்று, டோக்கனை நீட்டினார். சின்னவள் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மேஜையைப் பிடித்து எழுந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வெளியே போனாள்.

முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தவள் அங்கேயே நின்றுவிடவில்லை. திரும்பி, அதே நடையில் உள்ளே வந்தாள். டோக்கனைக் கழற்றிப் பட்டன்காரியிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஏம்மா திரும்பி வந்த?" என்று அதிகாரி கேட்டார். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

"நான் வந்து குடுத்தாதானே சார் அடுத்தவங்க வெளிய போக முடியும்? ஒண்ணுதான் இருக்கு."

பட்டன்காரி டோக்கனோடு வாசலை நோக்கிப் புறப்பட்டாள். அவளுக்கு இயற்கையாகவே கொஞ்சம் சிங்கார நடை. அன்றைக்கு அது கூடுதலாகவே இருந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதிகாரி கடிகாரத்தை நிறுத்தினார். "இப்படியே போனா கடைசி ஆள் வெளிய வர்றதுக்குள்ள கட்டடம் சாம்பலாயிடும். மேனேஜர் சார், இந்த ரூல யாரு போட்டது?"

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார்.

"யாரு போட்டா எனக்கென்ன," என்றார் அதிகாரி. "இவங்க எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து வெளிய வர்றத என் கண்ணால பாக்காம நான் இங்கிருந்து நகர மாட்டேன். அதுவரைக்கும் ஒரு மெஷின் ஓடக் கூடாது."

மெஷின் ஓடக் கூடாது என்றதும் மேனேஜருக்கு உயிரே போய்விட்டது. "டோக்கனும் வேணாம் ஒண்ணும் வேணாம்! தூக்கிப் போடுங்க அத! எல்லாரும் எழுந்திருங்கம்மா!"

ஒருத்தரும் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் காலர் அக்காவின் மேல் இருந்தது. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஓர் ஆச்சரியம், பயம் அதன்பாட்டுக்கு இருந்தது, வாய் அதன்பாட்டுக்குப் பேசியது.

"காலைல ரூல மைக்ல சொன்னாங்க சார். இதையும் மைக்ல சொல்லச் சொல்லுங்க. இனிமே யாரும் யாரையும் கேக்காம போயிட்டு வரலாம்னு."

"சொல்லுய்யா!" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் மைக்கை எடுத்தார். "இனிமே... டோக்கன் கிடையாது. தேவைப்படறவங்க தேவைப்படறப்ப போகலாம்."

அப்போதும் காலர் அக்கா எழவில்லை. "மத்தியானம் மன்னிப்புன்னு ஒண்ணு சொன்னீங்களே சார்?"

அவர் மைக்கைப் பிடித்தபடி, மனைவியின் முகத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல உற்றுப் பார்த்தார். கடைசியில் மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். "மன்னிப்பு... தேவையில்ல. வேலையும் அப்படியேதான் இருக்கு."

காலர் அக்கா எழுந்தாள். நாற்பது நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்த சத்தம் இருக்கிறதே, அபாய மணி தோற்றது போங்கள்! கைதட்டலும் சிரிப்புமாக அத்தனை பேரும் முற்றத்து வெயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அதிகாரி கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகப் புன்னகை செய்தார். வெளியே வந்ததும் பாதிப் பேர் நேராக எங்கே போனார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்த ஓரத்தில் சின்னவள் நின்றிருந்தாள். காலர் அக்கா அவள் முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கே நான் எழுந்திருச்சிருக்கணும்டி. பயந்துட்டேன். உன் குரல் காதுல விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சு. தைச்ச காலர் பூரா கோணல்."

சின்னவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "உங்க மேல எவ்ளோ கோவம் இருந்துச்சு தெரியுமாக்கா? உப்ப டொக்குன்னு வைப்பீங்களே, அந்த டப்பாவத் தூக்கி உங்க தலைலயே போடலாமான்னு இருக்கும்."

"போட்டிருக்கலாம். கொஞ்சம் சீக்கிரம் புத்தி வந்திருக்கும்."

இருவரும் சேர்ந்து நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள்.

* * *

சாயங்காலம் செய்தி இவர்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு, ஒண்ணு விடாம சொல்லு," என்று மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாடத்துல வரும், அப்ப படிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் சின்னவள். ஆனாலும் பிறகு சொல்லாமல் இல்லை. அவர் இடையில் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், "காலைல நான் சொன்னது தப்பு," என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அவருடைய அண்ணனிடமிருந்து அப்படியொரு வார்த்தை வரவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் எறிந்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி புருஷன் மானத்த வாங்கிட்ட," என்றார் அவர், காலர் அக்கா உள்ளே வந்ததும்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி போச்சே, அது யாரோட மானம்?"

அவள் இப்படித் திருப்பிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளைல இருந்து என்னை மேல் மாடி லைனுக்கு மாத்திட்டாரு மேனேஜர்."

"மேல டோக்கன் இருக்கா?"

"இருக்கு. அதிகாரி கீழ மட்டும்தானே பாத்தாரு. மேல அப்படியே இருக்கட்டும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நாளைல இருந்து அது என் கைலதான்."

காலர் அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்க வந்தாள். அதற்குள் வாசலில் காலடிச் சத்தம்.

மூன்று பெண்கள். மேல் மாடி லைன்காரிகள். வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள், தலையில் நூல்பிசிறுகூட இன்னும் போகவில்லை. "அக்கா, கீழ நீங்க பண்ணத கேள்விப்பட்டோம். நாளைக்கு எங்க லைன்ல..." என்று ஆரம்பித்தவள், கூடத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்த தன் நாளைய சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். அந்த மூன்று பேரும் அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தார்கள்.

"அவரை ஏன் பாக்கறீங்க?" என்றாள் காலர் அக்கா. உள்ளேயிருந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கூடத்தின் நடுவில், அவர் கண்ணுக்கு நேராகவே போட்டாள். "உள்ள வாங்க. உக்காருங்க."